ஒரு கிலோ காப்பர் கட்டி வாங்கி, அதை விற்கப் போன கதை



ஜனவரியில் நம்ம சேனல் பார்க்கும் தம்பி ஒருவர் ஒரு போட்டோ அனுப்பியிருந்தார். கட்டிலுக்கு அடியில் வரிசையா அடுக்கி வெச்ச முப்பது காப்பர் கட்டி. ஒவ்வொண்ணும் ஒரு கிலோ. மேலே பளபளன்னு 99.9 என்று முத்திரை. கீழே ஒரே வரி: "அண்ணா, கோல்டை மிஸ் பண்ணிட்டேன், சில்வரையும் மிஸ் பண்ணிட்டேன். இதை விடமாட்டேன்."

ஒரு கட்டி ₹2,200. மொத்தம் ₹66,000. சிறுசேரியில் வேலை, கையில் வரும் சம்பளம் ₹48,000. பணம் எங்கிருந்து எடுத்தீங்கன்னு கேட்டேன். எமர்ஜென்சி ஃபண்டில் இருந்து. ரெண்டு வருஷமா மாசாமாசம் சேர்த்து ₹1.4 லட்சம் ஆக்கி வெச்சிருந்தார். அதில் பாதி இப்போ கட்டிலுக்கு அடியில்.

மூணு வாரம் கழிச்சு மறுபடியும் மெசேஜ். வீட்டு ஓனர் காலி பண்ணச் சொல்லிட்டார். புது வீட்டுக்கு அட்வான்ஸ் ஒரு லட்சம் கேட்கிறாங்க. "அண்ணா, கட்டியை எங்கே விக்கிறது?"

இந்தக் கேள்விக்கான பதிலை நான் 2025 ஜூலையிலேயே காசு குடுத்துத் தெரிஞ்சுக்கிட்டேன்.

ஒரு வீடியோவுக்காக ஆன்லைனில் ஒரு கிலோ காப்பர் கட்டி ஆர்டர் போட்டேன். பில்லில் கட்டி விலை ₹1,600, ஜிஎஸ்டி 18 சதவீதம் ₹288, மொத்தம் ₹1,888. டெலிவரி ஃப்ரீ. அன்னைக்கு எம்சிஎக்ஸில் காப்பர் கிலோ சுமார் ₹890. அதாவது ₹890 உலோகத்துக்கு நான் கொடுத்தது ₹1,888. மீதி ₹998 எங்கே போச்சு? ₹288 அரசாங்கத்துக்கு. ₹710 உருக்கி, வார்த்து, பாலிஷ் போட்டு, முத்திரை குத்தி, டப்பாவில் வெச்சு அனுப்பியவருக்கு.

வீடியோ எடுத்து முடிச்சதும் அதே கட்டியை எங்க ஏரியா காயலான் கடைக்கு எடுத்துட்டுப் போனேன். கடைக்காரர் கையில் வாங்கி எடை பார்த்தார், திருப்பித் திருப்பிப் பார்த்தார், ஓரத்தில் ஒரு ராவு ராவினார். ₹650 என்றார். சார், எம்சிஎக்ஸ் ₹890 போகுதேன்னு கேட்டேன். அவர் சொன்ன பதில்தான் இந்தக் கட்டுரைக்கே காரணம்.

"சார், ஒயரா குடுத்தீங்கன்னா கண்ணால பார்த்து ரேட் போடுவேன். இதுக்குள்ள என்ன இருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

99.9 முத்திரையைக் காட்டினேன். சிரிச்சார். சிரிச்சதில் தப்பில்லை. தங்க நகைக்கு பிஐஎஸ் ஹால்மார்க் இருக்கிறது, வெள்ளிக்கும் இருக்கிறது. காப்பர் கட்டிக்கு அப்படி எதுவும் கிடையாது. அந்த முத்திரை, செஞ்சவர் தானே தனக்குக் குடுத்துக்கிட்ட சர்டிஃபிகேட். அப்புறம் பாரிமுனை பக்கம் ஒரு மெட்டல் வியாபாரியிடம் போனேன். அவரிடம் எக்ஸ்ரே கன் இருந்தது. துப்பாக்கி மாதிரி கருவி, மேலே வெச்சு அழுத்தினால் எந்த உலோகம் எத்தனை சதவீதம்னு காட்டும். நல்ல காப்பர்தான். அவர் கொடுப்பதாகச் சொன்னது ₹720.

₹1,888க்கு வாங்கி ₹720. கடையை விட்டு வெளியே வரும்போதே 62 சதவீதம் போச்சு. எம்சிஎக்ஸ் விலையில் சுமார் 81 சதவீதம்தான் எனக்குக் கிடைக்கும் என்று வெச்சுக்கிட்டால், போட்ட காசைத் திருப்பி எடுக்கவே காப்பர் கிலோ ₹2,330 தாண்டணும்.

இப்போ அந்தத் தம்பி சொன்ன விலையேற்றத்துக்கு வருவோம். அது பொய்யில்லை. லண்டன் மெட்டல் எக்ஸ்சேஞ்சில் 2025 டிசம்பரில் காப்பர் டன்னுக்கு 12,000 டாலரை முதல் முறையாகத் தாண்டியது. ஜனவரியில் 13,000 டாலரையும் தாண்டியது. இங்கேயும் கிலோ ₹1,200க்கு மேலே போனது. என் ஜூலை ரேட்டோடு ஒப்பிட்டால் ஆறே மாசத்தில் 35 சதவீத ஏற்றம். அப்படி ஒரு ஏற்றத்தைச் சரியாகக் கணிச்சு முன்னாடியே வாங்கின எனக்கு (கணிக்கலை, வீடியோவுக்கு வாங்கினேன்) அதே 81 சதவீதக் கணக்கில் இப்போ கிடைப்பது சுமார் ₹970. இன்னமும் கிட்டத்தட்ட பாதி நஷ்டம். விலை எந்தப் பக்கம் போகும்னு நான் சொன்னது சரியாகவே இருந்தாலும் கட்டி என்னைக் காப்பாத்தாது.

தங்கக் காசில் இது ஏன் நடப்பதில்லை? தங்கத்துக்கு ஜிஎஸ்டி 3 சதவீதம். ஒரு கட்டியை வார்த்து முத்திரை குத்தி பேக் பண்ணும் வேலை தங்கத்துக்கும் காப்பருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை, சில நூறு ரூபாய் ஆகும். அந்தச் சில நூறு ரூபாய், பத்து கிராம் தங்கத்தின் மேல் ஏறினால் கண்ணுக்கே தெரியாது. ₹890 காப்பரின் மேல் ஏறினால் பாதி விலையே அதுதான். மட்டமான உலோகம் என்பதால் இல்லை. கிலோவுக்கு விலை கம்மி என்பதால்.

இன்னொரு விதமாகப் பாருங்க. ஒரு லட்ச ரூபாய்க்குத் தங்கம் வாங்கினால் சட்டைப் பாக்கெட்டில் போட்டுக்கிட்டு வீட்டுக்கு வரலாம். ஜூலை ரேட்டில் ஒரு லட்ச ரூபாய்க்கு காப்பர் 112 கிலோ. இடம் அதிகம் பிடிக்காது, பன்னிரண்டரை லிட்டர்தான், இருபது லிட்டர் தண்ணி கேனில் பாதிக்குக் கொஞ்சம் மேலே. ஆனால் அந்தக் கேனைத் தூக்க ரெண்டு ஆள் வேணும். வாடகை வீடு மாறும்போது பேக்கர்ஸ் ஆள்கள் என்ன சொல்வாங்கன்னு யோசிங்க. தம்பிக்கு முப்பது கிலோ, தப்பிச்சார்.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது?

அமெரிக்காவில் இருந்து. அங்கே காப்பர் ரவுண்டு, காப்பர் பார் என்று பல வருஷமா விற்கிறாங்க. தங்கம் வாங்க வசதியில்லாதவங்க, டாலர் மேலே நம்பிக்கை போனவங்க, அழகா இருக்குன்னு சேர்க்கிறவங்க என்று பல வகை ஆள். அதில் ஒரு சின்ன விளையாட்டு உண்டு. தங்க அவுன்ஸ் என்பது ட்ராய் அவுன்ஸ், 31.1 கிராம். காப்பர் ரவுண்டில் போடும் அவுன்ஸ் பெரும்பாலும் மளிகைக்கடை அவுன்ஸ், 28.35 கிராம். டன் 12,000 டாலர் என்றால் அந்த 28.35 கிராமில் உள்ள காப்பரின் மதிப்பு 34 சென்ட். விற்பது ஒன்றரை, ரெண்டு டாலருக்கு.

சேர்க்கிறவங்களில் கெட்டிக்காரங்க வேற ஒண்ணு செஞ்சாங்க. 1982க்கு முந்தைய அமெரிக்க ஒரு சென்ட் நாணயத்தில் 95 சதவீதம் காப்பர், நாணயத்தின் எடை 3.11 கிராம். டன் 12,000 டாலர் விலையில் அதற்குள் இருப்பது சுமார் மூன்றரை சென்ட் காப்பர். ஒரு சென்டுக்குக் கிடைக்கும். செய்கூலி இல்லை, வரி இல்லை. பிரச்சினை என்ன என்றால் உருக்க முடியாது. 2006 டிசம்பரிலேயே அமெரிக்க மின்ட் சென்ட் நாணயத்தை உருக்கத் தடை போட்டுவிட்டது. நம்ம ஊரிலும் நாணயச் சட்டம் 2011 படி நாணயத்தை உருக்குவது ஜெயில் வரைக்கும் போகும் குற்றம். பழைய காசை உருக்கிக் காட்டும் ரீல்ஸ் பார்த்து யாரும் கிளம்பிடாதீங்க.

பெரிய ஆள்களும் முயற்சி பண்ணாங்க. ஜேபி மார்கனும் பிளாக்ராக்கும் நிஜ காப்பரைக் கிடங்கில் வெச்சு அதன் மேல் ஃபண்ட் தொடங்க அமெரிக்காவில் அனுமதி கேட்டாங்க. காப்பர் பயன்படுத்தும் கம்பெனிகள் கடுமையா எதிர்த்தாங்க, சரக்கு கிடங்கில் முடங்கிடும்னு. கடைசியில் அனுமதி கிடைத்தது. ஆனால் ரெண்டு ஃபண்டுமே ஆரம்பிக்கப்படவில்லை.

"நானே உருக்கினால் என்ன அண்ணா?"

தம்பியோட ரெண்டாவது பிளான் இது. செய்கூலிதானே பிரச்சினை, ஒரு ஃபர்னஸ் வாங்கி வீட்டிலேயே வார்த்தால்? ஆன்லைனில் சின்ன எலக்ட்ரிக் ஃபர்னஸ் கிடைக்கிறது. கிராஃபைட் குப்பி, கிராஃபைட் அச்சு, கொஞ்சம் போராக்ஸ். பார்க்கச் சுலபமாகத்தான் இருக்கும், வீடியோவில் ரொம்ப அழகா இருக்கும்.

முதலில் கணக்கு. உதாரணத்துக்கு, எம்சிஎக்ஸ் ₹1,200 இருக்கும்போது வியாபாரியிடம் சுத்தமான காப்பர் ஒயர் ₹1,050க்கு வாங்குறீங்கன்னு வெச்சுக்கோங்க. உருக்கும்போது மேலே படியும் கசடில் மூணு சதவீதம் போனால் அதுவே ₹1,080 ஆகிவிடும். கரண்டு, குப்பித் தேய்மானம், போராக்ஸ், கையுறை எல்லாம் சேர்த்து ₹100. ஆக ஒரு கட்டியின் அடக்கம் ₹1,180. இப்போ அதை விற்கப் போங்க. ஒயராக இருந்தவரை அது என்னன்னு வியாபாரிக்குத் தெரியும். கட்டியானதும் தெரியாது. உள்ளே பித்தளை கலந்திருக்கலாம், ஈயப் பற்று கலந்திருக்கலாம். அதனால் ஒயரை விடக் கம்மி ரேட். ₹1,050க்கு வாங்கின ஒயரை ஒரு ஞாயிற்றுக்கிழமை பூரா வேர்வை சிந்தி ₹900 பொருளாக மாத்தியிருப்பீங்க.

அந்த வியாபாரி சந்தேகப்படுவதிலும் நியாயம் இருக்கிறது. காப்பரின் உண்மையான மதிப்பு கரண்டைக் கடத்துவதில். அதில் பாஸ்பரஸ் 0.04 சதவீதம் கலந்தாலே கடத்தும் திறன் சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். நிறத்தைப் பார்த்து அதைக் கண்டுபிடிக்க முடியாது.

அடுத்தது பாதுகாப்பு. நான் ஆடிட்டர், இன்ஜினியர் இல்லை, இருந்தாலும் சொல்லிடுறேன். காப்பர் உருகுவது 1,085 டிகிரியில். அச்சில் ஈரம் கொஞ்சம் இருந்தாலும் அது நொடியில் நீராவியாகி உருகின உலோகத்தை உங்க முகத்தில் தெறிக்க வைக்கும். பித்தளையைச் சேர்த்துப் போட்டால் இன்னும் மோசம், அதில் இருக்கும் துத்தநாகம் 907 டிகிரியிலேயே கொதிச்சுப் புகையா வரும். சுவாசித்தால் ராத்திரி குளிர் ஜுரம் வரும். ஒயரின் பிளாஸ்டிக்கை எரிச்சு எடுக்கலாம்னு நினைச்சால், பிவிசி எரியும் புகை விஷம். வேளச்சேரியில் மூணாவது மாடி வாடகை ஃபிளாட்டில் இதைச் செய்ய நினைக்கிறவங்க முதலில் ஹவுஸ் ஓனரிடம் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்க.

சைடு பிசினஸா பண்ணினால்? பண்ணலாம், ஆனால் அது முதலீடு இல்லை, உற்பத்தித் தொழில். பொருள் விற்பனைக்கு வருஷம் ₹40 லட்சம் வரை தமிழ்நாட்டுக்குள் ஜிஎஸ்டி பதிவு தேவையில்லைதான். வெளிமாநிலத்துக்கு ஒரு கட்டி அனுப்பினாலும் பதிவு கட்டாயம். பதிவு எடுத்துட்டால், பதிவில்லாத ஆளிடம் ஸ்க்ராப் வாங்கும்போது 18 சதவீத வரியை நீங்களே கட்டணும், 2024 அக்டோபர் 10 முதல் இந்த விதி. கட்டியதை கிரெடிட்டா எடுத்துக்கலாம், ஆனால் பணம் முதலில் உங்க பாக்கெட்டில் இருந்து போகும். வருமான வரிக்கு ஐடிஆர்-3. சம்பளத்துக்கு மேலே இந்தத் தலைவலி வேணுமான்னு பாருங்க. ஆபீஸ் அப்பாயின்ட்மென்ட் ஆர்டரையும் ஒரு தடவை படிங்க, வெளி வேலை செய்யக் கூடாதுன்னு பல இடத்தில் எழுதியிருக்கும்.

சரி, காப்பர் மேல் நம்பிக்கை இருக்கு, என்ன வழி?

நேர்மையா சொன்னால், சின்ன முதலீட்டாளருக்கு இந்தியாவில் நல்ல வழி இன்னும் இல்லை. தங்கத்துக்கும் வெள்ளிக்கும் இருப்பது போல காப்பருக்கு இங்கே இடிஎஃப் கிடையாது. எம்சிஎக்ஸ் ஃபியூச்சர்ஸில் ஒரு லாட் 2,500 கிலோ. ₹1,200 ரேட்டில் அது ₹30 லட்சம் சரக்கு. மார்ஜின் கட்டினால் போதும் என்று புரோக்கர் சொல்வார், ஆனால் விலை ஒரு ரூபாய் இறங்கினால் உங்களுக்கு ₹2,500 நஷ்டம். இருபது ரூபாய் இறங்கினால் ₹50,000, தம்பியோட ஒரு மாச சம்பளத்தை விட அதிகம். ஹிந்துஸ்தான் காப்பர் மாதிரி ஷேர் வாங்கலாம், ஆனால் அப்போ நீங்க வாங்குவது ஒரு கம்பெனி. சுரங்கம், செலவு, மேனேஜ்மென்ட், மார்க்கெட் மூடு எல்லாம் சேர்ந்து வரும். (நான் செபி பதிவு பெற்ற ஆலோசகர் இல்லை, எதையும் வாங்கச் சொல்லலை.)

எப்படி வாங்கினாலும், இந்த உலோகம் எப்படி ஆடும்னு தெரிஞ்சுக்கணும். 2011 பிப்ரவரியில் டன் 10,000 டாலரைத் தாண்டியது. அப்பவும் இதே பேச்சுதான், சீனா வாங்கிக் குவிக்குது, சுரங்கம் போதாதுன்னு. 2016 ஜனவரியில் சுமார் 4,300 டாலர். மறுபடியும் பழைய உச்சத்தைத் தாண்டினது 2021இல், பத்து வருஷம் கழிச்சு. ரூபாய்க் கணக்கில் பார்த்தால் இவ்வளவு மோசமில்லை, டாலர் ஏறினதால். கிலோ சுமார் ₹450, அப்புறம் ₹290, அப்புறம் ₹760. ஆனால் அந்த நடு வருஷங்களில் வீட்டு அட்வான்ஸ் தேவைப்பட்டிருந்தால்?

எங்க பாட்டி வீட்டுப் பரணில் ஒரு பெரிய பித்தளை அண்டாவும் ரெண்டு செப்புக் குடமும் இருந்தன. கல்யாணத்தில் சீர் வந்தது. அவங்களும் ஒரு வகையில் இதே முதலீடுதான் பண்ணாங்க. நாப்பது வருஷம் அதில் தண்ணி பிடிச்சாங்க, விசேஷத்துக்கு சமைச்சாங்க, கஷ்ட காலத்தில் ஒரு தடவை அடகு வெச்சு மீட்டதாகவும் சொல்வாங்க. இப்போ பாத்திரக் கடையில் எடைக்குப் போட்டால் கிடைப்பது மேல் லாபம். அந்தத் தம்பியோட முப்பது கட்டியை எந்த பேங்கும் அடகு பிடிக்காது, அதில் காபி கூடப் போட முடியாது.

ஏற்கெனவே வாங்கினவங்க என்ன செய்யலாம்?

தம்பியிடம் நான் சொன்னது இது. காயலான் கடைக்குப் போகாதீங்க, அது கடைசி வழி. அன்னைக்கு அவருக்குச் சொல்லப்பட்ட ரேட் கிலோ ₹950, முப்பதுக்கும் சேர்த்து ₹28,500. கட்டியை உலோகமா விற்காமல் பொருளா வித்துப் பாருங்க. ஆன்லைனில் ₹2,200 குடுத்து வாங்கத் தயாரா இருக்கிற ஆள் எங்கேயோ இருக்கார், அவருக்கு பில்லோடு கம்மி விலைக்குக் குடுங்க. கைவினை செய்றவங்க, மெஷின் ஷாப் வெச்சிருக்கிறவங்க, டேபிள்ல வைக்க ஆசைப்படுறவங்க இப்படி. ஆபீஸ் குரூப்பிலும் பழைய பொருள் விற்கும் ஆப்பிலும் போட்டதில் மூணு வாரத்தில் 11 கட்டி போச்சு, ஒண்ணு ₹1,500க்கு. ₹16,500 வந்தது. அட்வான்ஸுக்கு மீதியை எமர்ஜென்சி ஃபண்டில் மிச்சமிருந்ததில் இருந்தும் அவங்க அக்காவிடம் கைமாத்தாகவும் சமாளிச்சார்.

வரிப் பக்கம் ஒரு சின்ன ஆறுதல். முதலீட்டுக்காக வாங்கின கட்டி மூலதனச் சொத்து. 24 மாசத்துக்கு மேல் வெச்சிருந்து லாபத்தில் வித்தால் 12.5 சதவீத வரி, அதுக்குள்ள வித்தால் உங்க ஸ்லாப் ரேட். இவருக்கு 11 கட்டியின் அடக்கம் ₹24,200, வித்தது ₹16,500, குறுகிய கால நஷ்டம் ₹7,700. இதே வருஷம் ஷேர் வித்ததில் அவருக்கு ₹9,000 குறுகிய கால லாபம் இருந்தது. அதில் இந்த ₹7,700ஐக் கழிச்சுக்கலாம். லாபமே இல்லாதவங்க அடுத்த எட்டு வருஷத்துக்கு நஷ்டத்தைக் கொண்டு போகலாம், ஆனால் ஜூலை 31க்குள் ரிட்டர்ன் போட்டிருக்கணும். ஐடிஆர்-1 இல்லை, ஐடிஆர்-2. வாங்கின பில்லும், வித்தப்போ அக்கவுண்ட்டில் பணம் வந்த ஆதாரமும் வேணும். ரொக்கமா வாங்கிட்டு "ஒரு ஃப்ரெண்டுக்கு வித்தேன்"னு சொன்னால் என்னால் எதுவும் பண்ண முடியாது.

மீதி 19 கட்டி புது வீட்டிலும் கட்டிலுக்கு அடியில்தான் இருக்கு. போன வாரம் கேட்டேன், பெயின்டர் ஏணி ஆடாமல் இருக்க ரெண்டை முட்டுக் குடுத்திருக்காராம். என்னோட ஒண்ணு ஆபீஸ் டேபிளில், வவுச்சர் பறக்காமல் இருக்க.